புண்ணோனும் சுற்றமும்: போர்க் கவிதையில் வீரர் துயர்

(ஐதராபாத்தில் எழுந்த இரு கவிதைகளை முன்வைத்து)

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணைக்கு வகுக்கும் துறைகளுள் போரில் புண்பட்டவனைப் பற்றியன இரண்டு உள. காக்கும் சுற்றம் எதுவும் இன்றிக் களத்தில் கிடக்கும் புண்ணோனைப் பேய் காத்து நிற்றல் ஒன்று. வீடு வந்து சேர்ந்த புண்ணோனைப் பேய் அணுகாதவாறு மனைவி காத்தல் மற்றொன்று. பின்னதனைத் தொடாக்காஞ்சி என்பர். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இவற்றை நான்காக விரிக்கின்றது. பேய் பிரியாது நின்று காப்பது பேய்நிலை. களத்தில் வீழ்ந்தாரைப் பேய் அச்சுறுத்துவது பேய்க்காஞ்சி. மனையில் காவல் இருந்தும் பேய் வந்து புண்ணைத் தொடுவது தொட்டகாஞ்சி. தொட அஞ்சி நீங்குவது தொடாக்காஞ்சி. இலக்கண ஆசிரியர்கள் இங்கே துறை வகுக்கப் பயன்படுத்திய அளவுகோல் நோக்கத்தக்கது. வென்றவன், தோற்றவன் என்ற வேறுபாட்டை அவர்கள் கருதவில்லை. புண்பட்டவன் அருகில் சுற்றம் இருந்ததா இல்லையா என்பதே அவர்களுக்கு வேறுபாடாயிற்று.

போர்க் கவிதையில் வீரர் துயர் எவ்வாறு காட்டப்பெறுகின்றது என்னும் வினாவிற்கு இவ்வளவுகோல் பெரிதும் பயன்படும். ஐரோப்பியப் போர்க் கவிதையை முன்மாதிரியாகக் கொள்வோர் வீரனே தன் துயரைத் தன் வாயால் கூறுவதையே உண்மையான போர்க் கவிதை எனக் கருதுவர். வில்ஃப்ரெட் ஓவன், சீக்ஃப்ரீட் சசூன் ஆகியோர் பதுங்கு குழியில் இருந்தவர்கள். தாம் கண்டதை எழுதியவர்கள். ஓவன் 1918 நவம்பர் 4ஆம் நாள், போர் நிற்பதற்கு ஒரு கிழமைக்கு முன் கொல்லப்பட்டார். அவர் கவிதைகள் 1920இல் நூலாயின. இந்தியாவில் நிலை வேறு. இங்கே போருக்குச் சென்றவர் ஒருவர். கவிதை எழுதியவர் மற்றொருவர். இவ்விடைவெளியைக் குறை என்று ஒதுக்குவதற்கு முன், அதற்குள் என்ன நிகழ்ந்தது என்று காண்பது முறை.

சங்கப் பாடல்களில் புண்

புறநானூற்றை வீரயுகப் பாடல்களின் தொகுதியாகக் கற்பித்துவரும் மரபு, உ.வே. சாமிநாதையர் 1894இல் அந்நூலைப் பதிப்பித்த நாள்தொட்டு வலுப்பெற்றது. மேடைகளிலும் பாடநூல்களிலும் மிகுதியாக எடுத்தாளப்பெறுவன 278, 279, 312 ஆகிய பாடல்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் தாய், மகன் புறமுதுகிட்டான் என்ற பேச்சைக் கேட்டுக் களம் புகுந்து, பிணங்களைப் பெயர்த்துப் பார்த்து, அவன் மார்பில் புண்பட்டுச் சிதைந்து கிடந்தமை கண்டு ஈன்ற பொழுதினும் மகிழ்கின்றாள். ஒக்கூர் மாசாத்தியாரின் தாய் தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னும் ஒரே மகனைக் களத்திற்கு அனுப்புகின்றாள். பொன்முடியார் பாடலில் கடமைகள் பங்கிடப்படுகின்றன. இப்பாடல்களில் வீரனின் உடல் உண்டு; வலி இல்லை. புண் என்பது மார்பில் பட்டதா முதுகில் பட்டதா என்று பார்த்தறியும் சான்று மட்டுமே.

இவற்றிற்குச் சில பாடல்கள் தள்ளி 281ஆம் பாட்டு உள்ளது. அரிசில் கிழார் பாடியது. புண்பட்டவன் வீட்டுக்குள் கிடக்கின்றான். இறைப்பில் இரவ மரத்தின் தழையும் வேம்பின் தழையும் செருகப்படுகின்றன. யாழ் முதலிய கருவிகள் ஒலிக்கின்றன. ஐயவி எனும் வெண்சிறுகடுகு தூவப்படுகின்றது. குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வீடெங்கும் நறும்புகை பரப்ப ஒருத்தி தோழியை அழைக்கின்றாள். நோய்க்காப்பு, இசை, சடங்கு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்த இக்காட்சியில் வீரன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் முனகுவதாகக் கூடப் புலவர் கூறவில்லை. ஆயினும் அவன் படும் வேதனையின் அளவை, அவனைச் சூழ்ந்து நடைபெறும் வேலைகளின் பரபரப்பே உணர்த்திவிடுகின்றது. வெள்ளைமாளர் பாடிய 296ஆம் பாட்டில் இதே வேப்பந்தழையும் ஐயவிப் புகையும் ஒரு மனைக்கு மட்டும் உரியனவாக இல்லை. எல்லா மனைகளிலும் ஆரவாரம். ஒருவன் தேர் மட்டும் இன்னும் திரும்பவில்லை. ஒரு போர் முடிந்த மாலையில் ஓர் ஊர் முழுவதும் மருத்துவமனையாக மாறியதைக் காட்டும் அரிய சித்திரம் அது.

புண்ணின் உடற்கூற்றையும் புலவர் கூர்ந்து நோக்கியுள்ளனர். பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், மார்பின் நீண்ட வெட்டுக்காயத்தைத் தைக்கும் வெள்ளூசியை, மீனுக்காகக் குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகின்றார். ஊசி தசைக்குள் புகுவதும் வெளிவருவதும் அவ்வுவமையில் கண்ணுக்குத் தெரிகின்றன. புறநானூறு 180இல் ஈர்ந்தூர் கிழான் தோயன் மாறனின் உடல், மருந்துக்காகப் பலரும் வெட்டிக்கொண்டு சென்ற மரத்தைப் போன்றது எனப்படுகின்றது. ஈகைப் புகழ்ச்சியாகத் தொடங்கும் பாட்டு அவ்வுவமையால் வேறு ஆழம் பெறுகின்றது. மரத்தைப் பிறர் பயன்கொள்கின்றனர்; வடு மரத்தினுடையது.

மன்னரும் இத்துயரை அறிந்தவராகக் காட்டப்பெறுகின்றனர். முல்லைப்பாட்டில் நப்பூதனார் படைக்கும் அரசன் பாசறையில் உறக்கம் கொள்ளவில்லை. வேல் தாக்கிய யானைகளையும், அம்பு தைத்து உணவு கொள்ளாது நிற்கும் குதிரைகளையும், உயிர் துறந்த மறவரையும் எண்ணியவாறு இருக்கின்றான். நெடுநல்வாடையில் நக்கீரரின் அரசன் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் எழுந்து, விளக்குகள் அலைய, புண்பட்டோரை வேல் ஏந்திய வீரன் ஒருவன் காட்ட, ஒவ்வொருவராகக் கண்டு செல்கின்றான். அரண்மனையில் அவன் தேவி படும் பிரிவுத் துயருக்கு எதிர்நிலையாக இக்காட்சி அமைகின்றது. போருக்கு அழைத்துச் சென்றவன் புண்பட்டவன்முன் சென்று நிற்கவேண்டும் என்ற அறம் இவ்விரு பாட்டுகளிலும் வெளிப்படையாகச் சொல்லப்படாமல் உணர்த்தப்படுகின்றது.

களத்தில் சுற்றமின்றிக் கிடப்பவன் நிலையோ வேறு. புறநானூறு 62இல் கழாத்தலையார் காட்டும் களத்தில் பேய்மகளிர் புண்ணைத் தொட்டுக் கூந்தலைச் சிவப்பாக்கிக்கொள்கின்றனர். பிற்காலப் பரணி நூல்கள் இப்பேய்களைக் கூழ் அடும் கூட்டமாக்கி நகைச்சுவைக்குரியனவாக்கின. செயங்கொண்டாரின் களத்தில் துயர் என்பதே கரைந்துபோயிற்று எனலாம். அங்கே புண்ணோன் இல்லை, உணவே உண்டு. இத்திரிபு தனி ஆய்வுக்குரியது.

செகந்திராபாத்: படைவீட்டு நிலம்

மேற்கூறிய இரு நிலைகளும் இருபதாம் நூற்றாண்டில் எதிர்பாராத ஓரிடத்தில், தமிழல்லாத மொழிகளில் மீண்டும் தோன்றுகின்றன. ஐதராபாத் நகரின் வடகிழக்கில் உள்ள குஷாய்குடா இன்று மின்னணுக் கழகத் தொழிற்சாலையாலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளாலும் அறியப்படுகின்றது. 1967இல் அக்கழகம் தோன்றும்முன் அது சிற்றூர். அதனை அடுத்த சைனிக்புரி, பெயருக்கேற்பப் படைத்துறையினருக்கென எழுந்த குடியிருப்பு. சற்று மேற்கே பொல்லாரம், திருமலகிரி, செகந்திராபாத் எனப் படைவீட்டுப் பகுதிகள் தொடர்கின்றன. 1798ஆம் ஆண்டு உடன்படிக்கையின் விளைவாக நிஜாம் நாட்டில் நிறுத்தப்பட்ட ஆங்கிலப் படைக்கென 1806இல் செகந்திராபாத் உருவாயிற்று. பொல்லாரம் நிஜாமின் செலவில் ஆங்கிலேயர் நடத்திய 'ஐதராபாத் கண்டிஞ்செண்ட்' படையின் தலைமையிடம். சென்னைப் படையோடு தொடர்புடைய தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதியில் நிலைபெற்றமைக்கும் இப்படைவீடே காரணம்.

அக்கண்டிஞ்செண்ட் படை 1903இல் இந்தியப் படையோடு இணைக்கப்பட்டது. அதிலிருந்து உருவானவற்றுள் ஒன்று 20ஆம் தக்காணக் குதிரைப்படை. தக்காண முஸ்லிம்களும் சீக்கியரும் ஜாட்டுகளும் அதில் இருந்தனர். 1914இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியக் குதிரைப்படையில் 'செகந்திராபாத் பிரிகேடு' என்ற பெயரிலேயே ஒரு பிரிவு இருந்தது. தக்காணக் குதிரைப்படை அதன் உறுப்பு. 1916 ஜூலை 14ஆம் நாள் சோம் போர்க்களத்தில் 'ஹை வுட்' எனப்பட்ட காட்டருகே இப்படை ஈட்டியேந்திக் குதிரைமேல் பாய்ந்தது. இயந்திரத் துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் நிகழ்ந்த அப்பாய்ச்சல் போர் வரலாற்றாசிரியர்களால் வியப்போடும் இரக்கத்தோடும் பேசப்படுகின்றது. நிஜாமின் சொந்தப் படையான ஐதராபாத் லான்சர்கள் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் சென்றனர். தில்லியில் 1922இல் எழுந்த மூன்று சிலைகளுள் ஒன்று அவர்களுக்குரியது.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர்; இறந்தோர் 74,000க்கும் மேற்பட்டோர். நெவ் ஷாப்பேல் நினைவிடத்தில் மட்டும் புதைகுழி அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. புதைகுழியும் அறியப்படாதவர்! தொல்காப்பியர் வகுத்த முதல் துறையை இதனினும் சரியாகப் பொருத்திக் காட்ட இயலாது.

சரோஜினியின் தாய்

ஐதராபாத்தில் 1879இல் பிறந்த சரோஜினி நாயுடு, போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் இலண்டனில் இருந்தார். காந்தியடிகள் அவரை முதன்முதலில் சந்தித்தது அப்போதுதான். இலண்டன் லைசியம் என்ற மகளிர் கழகம் போர்வீரர்களுக்கு உடை தைத்துத் தரும் பணியை மேற்கொண்டிருந்தது. சரோஜினி அதில் ஈடுபட்டிருந்தார். முதல் சந்திப்பிலேயே வெட்டிவைத்த துணிக் குவியலை அவர் தம்முன் வைத்துத் தைத்துத் தரச் சொன்னதாகக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறிக்கின்றார். போர்வீரனின் உடலுக்கு உடை தைத்த அனுபவத்திற்குப் பிறகே, மறு ஆண்டு, சரோஜினியின் போர்க் கவிதை பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

'இந்தியாவின் கொடை' எனப் பொருள்படும் தலைப்புடைய அவ்வாங்கிலக் கவிதை 1915 ஆகஸ்டில் எழுதப்பட்டது. ஐதராபாத் மகளிர் போர் நிவாரணச் சங்கத்தின் 1915 டிசம்பர் அறிக்கையில் இடம்பெற்றது; 1917இல் வெளிவந்த 'முறிந்த சிறகு' என்னும் தொகுதியில் சேர்ந்தது. ஆக, இது முதலில் படைவீட்டு நகரின் பெண்கள் கூடிப் போருக்கு உதவிய ஒரு சங்கத்தின் சூழலில் வாசிக்கப்பெற்ற பாட்டு. ஆங்கில அதிகாரிகளின் மனைவியரும் நிஜாம் நாட்டுப் பெருங்குடிப் பெண்டிரும் இத்தகைய பணிகளில் சேர்ந்து உழைத்த காலம் அது.

கவிதையில் பேசுபவள் இந்தியத் தாய். தான் முன்னமே தந்த ஆடை, தானியம், பொன் ஆகியவற்றைச் சுட்டி, இப்போது தன் மக்களையும் தந்துவிட்டதாகப் பிரித்தானியாவிடம் கூறுகின்றாள். எகிப்து, பாரசீகம், ஃபிளாண்டர்ஸ், பிரான்சு என்று அவர்கள் கிடக்கும் இடங்கள் அடுக்கப்படுகின்றன. அழுகையும் பெருமிதமும் வேண்டுதலும் ஒன்றாகத் தன்னுள் கிடப்பதைத் தாய் உரைக்கின்றாள். போர் ஓய்ந்து நன்றி கூறும் நாள் வரும்போது தன் மக்களின் குருதியை மறவாதே என்னும் வேண்டுகோளோடு பாட்டு நிறைகின்றது.

இத்தாயைப் புறநானூற்று மூதின்மகளோடு ஒப்பிடத் தோன்றும். நேரடித் தாக்கம் எதுவும் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. ஆனால் அமைப்பு ஒன்றே. வீரன் பேசவில்லை, தாய் பேசுகின்றாள். அவன் உடல் பிறருக்குக் காட்டும் சான்றாகின்றது. வேறுபாடு, அச்சான்று யாருக்குக் காட்டப்படுகின்றது என்பதில் உள்ளது. நச்செள்ளையாரின் தாய் தன் ஊருக்கும் தனக்குமே மெய்ப்பிக்கின்றாள். சரோஜினியின் தாய் வேற்று நாட்டு அரசுக்கு முன் நின்று கணக்குக் காட்டுகின்றாள். 'கொடை' என்ற சொல்லே கைம்மாற்றை எதிர்நோக்கியது. போரில் துணைநின்றால் தன்னாட்சி கிடைக்கும் என்ற அன்றைய அரசியல் நம்பிக்கை இக்கவிதையின் அடித்தளம். ஆகவே இறந்தவர் பூக்களாகவும் சிப்பிகளாகவும் உருவகிக்கப்படுகின்றனர். சேறு, அழுகிய கால், நச்சுப்புகை ஆகியன இடம்பெறவில்லை. பலர் இதனைக் கவிதையின் போதாமை என்பர். நிவாரணச் சங்கத்தின் அறிக்கையில் வெளியாகும் பாட்டில் அழுகிய காலை எழுத இயன்றிருக்குமா என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

கணக்கு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பது வரலாறு. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம். ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலாபாக். போரில் மிகுதியான வீரர்களைத் தந்த மாநிலங்களுள் முதன்மையான பஞ்சாபிலேயே அப்படுகொலை நிகழ்ந்தது. தமக்கு வழங்கப்பட்டிருந்த கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தைச் சரோஜினி அதன்பின் திருப்பி அளித்தார். நினைவிற்கொள்ளுமாறு தாய் வேண்டிய பாட்டுக்கு அப்பதக்கத் திருப்பல் ஒரு பின்னுரை எனலாம்.

அக்காலத் தமிழ்க் கவிதையில் இதற்கு நேரான பாட்டு எளிதில் கிடைக்கவில்லை. புதுச்சேரியிலிருந்த பாரதி 'பெல்ஜியத்திற்கு வாழ்த்து' பாடினார். அங்கே போற்றப்படுவது, அறத்தால் வீழ்ந்த ஒரு சிறு நாடு. அதன் மண்ணில் மடிந்த இந்தியச் சிப்பாய் இல்லை. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு வீசியது தமிழ்நாட்டு வாய்மொழியில் நிலைத்த அளவுக்குக்கூடச் சிப்பாயின் துயர் நிலைக்கவில்லை.

வீரனின் சொந்தக் குரல்

அவ்வாறாயின், வீரன் எங்கே பேசினான்? கடிதங்களில். பிரான்சிலும் இங்கிலாந்து மருத்துவமனைகளிலும் இருந்த இந்திய வீரர்களின் அஞ்சல்கள் 1914 இறுதிமுதல் தணிக்கைக்குட்பட்டன. தணிக்கை அதிகாரிகள் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன. டேவிட் ஒமிசி 1999இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். எழுதப்படிக்கத் தெரியாதவன் சொல்ல, எழுதத் தெரிந்த தோழன் எழுத, தணிக்கையாளன் படிக்க, ஊரில் ஒருவர் உரக்க வாசிக்க, குடும்பம் கேட்கும். இத்தனை செவிகளுக்கு நடுவே துயரைச் சொல்லவேண்டியிருந்தது.

ஆகவே வீரர்கள் கவிஞரின் உத்திகளைக் கைக்கொண்டனர். இந்தியரைக் கருமிளகு என்றும் ஆங்கிலேயரைச் செம்மிளகாய் என்றும் குறித்து, எது தீர்ந்துகொண்டு வருகின்றது என்று எழுதினர். மழையில் விழும் இலைகளாகவும், அரைபடும் தானியமாகவும் மனிதர் சாவதைக் கூறினர். மகாபாரதப் போரோடு ஒப்பிட்டனர். அகப்பாடலின் உள்ளுறைக்கும் தணிக்கைக்குத் தப்பும் மறைபொருளுக்கும் தொலைவு அதிகமில்லை. சந்தனு தாஸ் முதலிய ஆய்வாளர்கள் இக்கடிதங்களை இலக்கியமாக வாசிக்கத் தொடங்கியமை அண்மைக்கால வளர்ச்சி. அவருடைய விரிவான நூல் 2018இல் வந்தது.

கடிதத்தினும் வியப்பூட்டுவது ஓர் ஒலிப்பதிவு. ஜெர்மனியில் பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில் இருந்த 'அரைநிலா முகாம்' இந்தியக் கைதிகளையும் கொண்டிருந்தது. வில்ஹெல்ம் டோகன் முன்னின்று நடத்திய ஒலிப்பதிவுக் குழு மொழியாராய்ச்சிக்கென அங்குள்ள கைதிகளின் குரல்களைப் பதிவு செய்தது. 1916 டிசம்பரில் மால் சிங் என்னும் சீக்கிய வீரர் பதிவுக் குழாய்முன் நிறுத்தப்பட்டார். அவர் 'நான்' என்று தொடங்கவில்லை. ஒரு மனிதன் இருந்தான் என்று கதைபோல் தொடங்குகின்றார். இந்தியாவில் வெண்ணெய் உண்டு வளர்ந்த அம்மனிதன் ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மனியிடம் பிடிபட்டான், இந்தியா திரும்ப விரும்புகின்றான், திரும்பினால் பழைய உணவு கிடைக்கும் என்பதாகச் சிறிய பேச்சு அது. இப்பதிவு பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக்காப்பகத்தில் உள்ளது.

தன் துயரைப் படர்க்கையில் கூறிய இவ்வீரரை எவ்வாறு விளங்கிக்கொள்வது? கைதி என்ற அச்சம் ஒரு காரணமாகலாம். எனினும், வாய்மொழிக் கதைமரபில் வளர்ந்தவனுக்குத் துயரைத் தன்மையிடத்தில் கூறுவது இயல்பன்று என்பதும் கருதத்தக்கது. அரிசில் கிழாரின் புண்ணோன் வாய்திறக்கவில்லை. சுற்றம் அவனுக்காகப் பாடிற்று. சுற்றமே இல்லாத முகாமில் மால் சிங் தனக்குத் தானே சுற்றமாகி, அருகில் நின்று காண்பவர்போல் தன்னைப் பற்றிப் பேசினார். சீக்ஃப்ரீட் சசூனின் தன்மைக் குரலை மட்டும் துயரின் உண்மைக்கு அளவாகக் கொள்வோர் இப்பதிவின் கனத்தை உணர இயலாது.

மக்தூமின் வினா

இரண்டாம் உலகப் போரில் ஐதராபாத்தின் பெயர் மீண்டும் களங்களில் கேட்டது. அப்பெயரில் குழப்பமும் உண்டு. '19ஆம் ஐதராபாத் ரெஜிமெண்ட்' என்று அழைக்கப்பட்ட படையில் பெரும்பாலோர் குமாவோன் மலைநாட்டவரும் வடஇந்திய அகீர், ஜாட் இனத்தவரும் ஆவர். 1945இல் அது குமாவோன் ரெஜிமெண்ட் ஆயிற்று. நிஜாமின் சொந்தக் காலாட்படைப் பிரிவு ஒன்று மலேயாவின் கோத்தா பாரு வானூர்தித் தளத்தில் காவல் இருந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியர் கரையிறங்கிய முதல் இடங்களுள் அது ஒன்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பல்லாயிரம் இந்திய வீரர் கைதிகளாயினர். அதே மலேயாவிலிருந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டமை தமிழர் அறிந்த துயரம். படைவீரர் அல்லாதாரின் அப்போர்த்துயர் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இக்காலத்தில் ஐதராபாத்தில் எழுதியவர் மக்தூம் முகியுத்தீன் (1908-1969). மேதக் மாவட்ட ஆந்தோலில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று, சிட்டி கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின் பொதுவுடைமை இயக்கத்தில் முழுமையாக இறங்கியவர். அவருடைய முதல் தொகுதி 'சுர்க் சவேரா' (செவ்விடியல்) 1944இல் வந்தது. 'சிபாகி' என்னும் அவருடைய உருதுக் கவிதை சிப்பாய் ஒருவனின் புறப்பாட்டைப் பற்றியது.

அதன் கட்டமைப்பு எளியது போலத் தோன்றும். செல்கின்ற சிப்பாய் எங்கே செல்கின்றான் என்று அவனைக் கேட்குமாறு கவிஞர் பிறரை ஏவுகின்றார். நேராக அவனையே கேட்கவில்லை. அவனும் விடை கூறவில்லை. விடைக்குரிய இடத்தில், பசித்த பிள்ளைகளைத் தாலாட்டித் தேற்றும் ஒரு பெண்ணின் பாட்டும், பிணம் எரியும் நாற்றமும் வந்து நிற்கின்றன. விண்மீன்களும் அஞ்சி நடக்கின்றன. முந்தானைக் கரைகள் சிவந்திருக்கின்றன. இறுதியில் இருள் கலைந்து விடியல் வருவதாகவும் புரட்சிக் கொடி விரிவதாகவும் கூறி, தாயகம் விட்டுச் செல்வோனை விளிக்கின்றார்.

தொடாக்காஞ்சியில் மனைவி பாடிய பாட்டு பேயை விரட்டியது. இங்கே மனைவி பாடுகின்றாள். கணவன் அருகில் இல்லை. அவள் பாட்டுக்கு எதிரே இருப்பது பசி. களத்தின் பிணநாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெண்பாமாலையின் சொல்லில் கூறுவதாயின் இது தொட்டகாஞ்சி: காவல் இருந்தும் பேய் தொட்டுவிட்ட நிலை. சரோஜினியின் கவிதையில் துயர் கடல் கடந்த மண்ணில் இருந்தது, வீட்டில் பெருமிதம் இருந்தது. மக்தூமிடம் சிப்பாய் புறப்படும் வேளையிலேயே துயர் அவன் வீட்டு வாயிலில் நிற்கின்றது. புண்படுவதற்கு முன்னரே அவன் புண்ணோன் ஆகிவிடுகின்றான்.

'எங்கே' என்ற வினாவின் கூர்மையும் உணரத்தக்கது. புறநானூற்று வீரன் எங்கே செல்கின்றான், யாருக்காகச் செல்கின்றான் என்பதை அவன் வீட்டார் அறிவர். 279ஆம் பாட்டின் தாய் பறையொலி கேட்டவுடனே அறிகின்றாள். கூலிக்கும் நிலத்துக்கும் பிறர் பேரரசுக்காகச் செல்பவனிடம் அத்தெளிவு இல்லை. அவனைக் கேட்டாலும் அவனுக்குத் தெரியாது. வலியினும் பெரிய துயராக மக்தூம் காண்பது அவ்வறியாமையே.

இக்கவிஞரே பின்னர், சோவியத் நாட்டை 1941 ஜூனில் ஜெர்மனி தாக்கிப் போரின் தன்மை மாறியதாக இயக்கம் கருதிய சூழலில், இது விடுதலைப் போர் என முழங்கும் அணிவகுப்புப் பாட்டையும் எழுதினார். கூட்டங்களில் அதுவே மிகுதியும் பாடப்பட்டது. அதில் சிப்பாயின் வீடு இல்லை. பசித்த குழந்தை இல்லை. போருக்கு ஒரு நோக்கம் கிடைத்தவுடன் புண் மறைந்துவிடுகின்றது. ஒரே கவிஞரிடம் காஞ்சியும் வஞ்சியும் அடுத்தடுத்து நின்ற இந்நிலையை அவர்மீது குற்றமாகச் சுமத்துவதிற் பயனில்லை. பரணரும் அதே சேரனைப் புகழ்ந்துகொண்டேதான் ஊசியைக் கண்டார். ஆயினும் இரண்டில் எது நின்றது என்று கேட்டால் 'சிபாகி'யையே கூறத் தோன்றும்.

அது நின்ற விதமும் தனியானது. 1960இல் பிமல் ராய் தயாரிப்பில் மோனி பட்டாச்சார்ஜி இயக்கிய 'உஸ்னே கஹா தா' என்னும் இந்தித் திரைப்படத்தில், சலீல் சௌத்ரியின் இசையில் இக்கவிதை பாடலாயிற்று. படத்தின் கதை சந்திரதர் சர்மா குலேரி 1915இல் எழுதிய சிறுகதையைத் தழுவியது. ஃபிளாண்டர்ஸ், பிரான்சுக் களத்தில் குண்டடிபட்டு, உரிய மருத்துவம் பெறாது, ஒரு தோழனின் மடியில் பழைய நினைவுகளைப் பேசியபடி இறக்கும் சீக்கியச் சிப்பாய் லஹனா சிங்கின் கதை அது. சரோஜினி தம் கவிதையை எழுதிய அதே ஆண்டில், இந்தியில் ஒருவர் அச்சிப்பாய்க்கு ஊரையும் காதலையும் சாகும் வேளையில் ஒரு மடியையும் கொடுத்திருந்தார். ஐதராபாத்துக் கவிஞரின் வினா நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அக்கதையோடு வந்து சேர்ந்தது. திரையில் மன்னா டேயின் குரலோடு ஒரு பெண்குரலும் அவ்வினாவைப் பாடுகின்றது. புறப்படும் சிப்பாய்கள் விடை கூறாமல் இரயிலேறுகின்றனர்.